முதலைக்குக் கூண்டு, ஓணானுக்குக் கண்ணாடித் தொட்டி

கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மஹியங்கனைக்குப் போகிறவர்களுக்கு ஹுன்னஸ்கிரிய ஒரு தேநீர்ச் சந்தி. அங்கே இடப்பக்கம் பிரியும் வீதி லூல்வத்தைக்கும் கோர்பெட்ஸ் கேப் கணவாய்க்கும் ஏறி, பிறகு மீமுரே கிராமத்துக்கு இறங்குகிறது. பிரியாமல் நேரே போனால் உடதும்பறை, அதற்கப்பால் பதினெட்டு வளைவு, அடிவாரத்தில் ஹசலக்க, மினிப்பே, மகாவலி கங்கை. ஒரு வீதி குளிருக்குப் போகிறது, மற்றது வெயிலுக்கு. ஊர்வன இந்த எல்லையை மனிதரைவிடக் கறாராக மதிக்கின்றன. 1984இல் தேசிய வனமாக்கப்பட்ட வஸ்கமுவையிலும் அதைச் சுற்றிய தாழ்நிலத்து ஆறு குளங்களிலும் வாழும் சதுப்புநில முதலை மலையேறி வருவதில்லை. நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடரின் ஈரக்காட்டில் வாழும் சின்ன ஓணான்கள் வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை.

அழிந்துவரும் ஊர்வனவற்றை மிருகக்காட்சிசாலைகள் காப்பாற்றுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் முதலைதான் உதாரணமாக முன்னே வருகிறது. காரணம் இருக்கிறது. கூண்டில் வளர்த்து ஆற்றில் விடும் முயற்சி ஆசியாவில் முதலைகளில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஆனால் அதே கேள்வியை ஹுன்னஸ்கிரியச் சந்தியில் நின்று கேட்டால், இடப்பக்கம் ஏறும் வீதியிலிருந்து வருகிற பதில் வேறாக இருக்கிறது. முதலையின் கதையை முதலில் பார்த்துவிடலாம்.

சொம்புமூக்கு முதலை, அதாவது கரியால், இலங்கையில் இல்லாத இனம். மெலிந்து நீண்ட தாடை, வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் கவிழ்த்த சொம்பு போன்ற ஒரு புடைப்பு, மீன் தவிர வேறெதையும் அதிகம் நாடாத வாழ்க்கை. ஒரு காலத்தில் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, ஐராவதி என்று பல பேராறுகளில் இருந்தது. 1940களில் ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையில் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1970களின் நடுப்பகுதியில் 200க்கும் குறைந்துவிட்டது. தோலுக்காகச் சுட்டார்கள், மீன்வலையில் சிக்கிச் செத்தது, மணல்திட்டிலிருந்து முட்டைகளை அள்ளினார்கள், அணைகள் ஆற்றைத் துண்டாக்கின.

1974இல் எச்.ஆர். பஸ்டார்ட் என்ற முதலையியலாளர் ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின் சார்பில் இந்தியாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டே இந்திய முதலைத் திட்டம் தொடங்கியது. முறை எளிமையானது. ஆற்று மணலில் தாய் இட்ட முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைப்பது, குஞ்சுகளை ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளம் வரும்வரை குளத்தில் வளர்ப்பது, பிறகு ஆற்றில் விடுவது. இயற்கையில் பொரியும் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை முதல் மழைக்காலத்து வெள்ளத்திலேயே போய்விடுகின்றன. அந்த ஆபத்தான சிறுபிராயத்தை மட்டும் மனிதர் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். லக்னோவின் குக்ரைல் நிலையம் இதற்கான பெரிய குஞ்சுக்கூடமானது. நேபாளம் சித்வனில் தன் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியது.

மிருகக்காட்சிசாலை கதைக்குள் வருவது ஒடிசாவின் நந்தன்கானனில். அங்கே பெண் கரியால்கள் இருந்தன, இனப்பெருக்கத்துக்குத் தகுந்த வளர்ந்த ஆண் இல்லை. ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் மிருகக்காட்சிசாலை தன்னிடமிருந்த ஆணை அனுப்பிவைத்தது. 1980இல் நந்தன்கானனில் முட்டைகள் பொரிந்தன. அடைத்து வளர்க்கப்பட்ட கரியால் குஞ்சு பொரித்தது உலகில் அதுவே முதல் முறை. இந்த ஒரு சம்பவத்தில் மிருகக்காட்சிசாலை என்ற நிறுவனத்தின் ஆகச் சிறந்த முகம் தெரிகிறது என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் காட்சிப்பொருளாகக் கிடந்த விலங்கு அதன் சொந்த நாட்டுக்குத் திரும்பிவந்து தகப்பனானது. விலங்குகள் வழக்கமாகப் பயணிக்கும் திசைக்கு நேர் எதிர்த் திசை அது.

அந்த வழக்கமான திசை எது என்பதற்கு நம் தெஹிவளையே சாட்சி. இன்றைய தேசிய மிருகக்காட்சிசாலையின் தொடக்கம், ஜெர்மனியின் ஹாகன்பெக் விலங்கு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக் 1920களில் வைத்திருந்த விலங்குக் கிடங்கு. ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டிய விலங்குகள் அங்கே தங்கிப் போயின. நிறுவனம் நொடித்தபோது, 1936இல், அரசாங்கம் அதை வாங்கியது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வார இறுதியில் போகும் இடம் ஏற்றுமதித் தரிப்பிடமாகப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

கரியாலுக்கு வருவோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் சம்பல் உள்ளிட்ட ஆறுகளில் விடப்பட்டன. 1990களில் திட்டம் வென்றுவிட்டது என்ற எண்ணம் பரவி, பணமும் கவனமும் வேறு பக்கம் போயின. 1997இல் 436 ஆக மதிப்பிடப்பட்ட வளர்ந்த கரியால்கள் 2006இல் 182 ஆகச் சரிந்தன. 2007இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை மிகவும் ஆபத்துக்குள்ளான பிரிவுக்கு மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் சம்பல் ஆற்றங்கரையில் பிணங்கள் ஒதுங்கத் தொடங்கின. மார்ச் மாதத்துக்குள் நூற்றுக்கும் மேல். அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்திருந்தது.

விடப்பட்ட ஐயாயிரம் எங்கே போயின? விட்டவர்கள் அவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கவில்லை. 2008க்குப் பிறகு ஜெஃப்ரி லாங் குழுவினர் கரியால்களின் வாலில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோதுதான், வளர்ந்த விலங்குகள் மழைக்காலத்தில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் இடம்பெயர்வது தெரியவந்தது. அவற்றுக்கு ஒரு மடு போதாது, ஓர் ஆறு முழுதும் வேண்டும். மணல் லொறிகள் திட்டுகளைக் கரைத்துக்கொண்டிருக்கும் ஆற்றில் குஞ்சுகளைக் கொட்டுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான். கண்காணிப்பும் கூடுகளுக்கான காவலும் இறுகிய பின் சம்பலின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது; அண்மைக் கணக்கெடுப்புகளில் சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. ஆனாலும் 2019இன் மதிப்பீட்டில் உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதுள்ள கரியால்கள் 650 அளவுதான்.

கூண்டுக்குள் முதலையைப் பெருக்குவது கடினம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அதற்குச் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையைப் பார்க்க வேண்டும். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் நிறுவியது. மகாவலித் தாழ்நிலத்தில் வாழும் அதே சதுப்புநில முதலைதான் அங்கே முதல் குடி. காட்டில் ஆண்டுக்கு ஒரு தடவை முட்டையிடும் பெண், அங்கே நல்ல தீனி கிடைத்ததும் இரண்டு தடவை இட்டது. முதலைகளின் பால் கருத்தரிக்கும்போதே தீர்மானமாவதில்லை, அடைகாக்கும் வெப்பத்தில் தீர்மானமாகிறது என்பதும் இந்த இனத்தில் அங்கேதான் துல்லியமாக அளக்கப்பட்டது: 31 பாகை செல்சியஸ் வரை எல்லாம் பெண், 32.5இல் எல்லாம் ஆண். அப்படிக் கணக்குப் பார்த்துப் பெருக்கினார்கள். சில நூறு, சில ஆயிரமானது. 1990களில் இந்திய அரசு, காட்டில் இடமில்லை என்று, விடுவிப்பை நிறுத்தியது. இப்போது அங்கே முட்டைகளைப் பொரிக்கவிடாமல் எடுத்துவிடுகிறார்கள். இடநெருக்கடி தாங்காமல் 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் மையம் ஒன்றுக்கு அனுப்ப முடிவெடுத்தபோது, விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022இல் நீதிமன்றம் இடமாற்றத்துக்கு எதிரான மனுவைத் தள்ளுபடி செய்தது. கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு ஆயிரம் முதலைகள்.

இதை வைத்து வடநெம்மேலியைக் குறைசொல்வது நியாயமில்லை. சதுப்புநில முதலை துடைத்தெறியப்படும் நிலையில் இருந்தபோது ஒரு கையிருப்பை அவர்கள் உருவாக்கினார்கள். அந்தப் பண்ணையின் கரியால்கள் 2008இல் செக் நாட்டின் பிராக் மிருகக்காட்சிசாலை வரை போயின. 2023இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வர்த் மிருகக்காட்சிசாலையிலும் கரியால் குஞ்சுகள் பொரிந்தன. உலகின் பல மூலைகளில் கையிருப்பு இருப்பது நல்லதுதான். முதலை விஷயத்தில் தட்டுப்பாடு கூண்டில் இருந்ததே இல்லை, ஆற்றில்தான் இருந்தது.

இனி இடப்பக்க வீதிக்கு ஏறலாம்.

தும்பறை மலையின் 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை ஆங்கிலேய அரசு 1873இலேயே காலநிலை ஒதுக்குக்காடாக்கியது. கோப்பிக்காரரின் கோடரி அதற்குமேல் ஏறக்கூடாது என்பது நோக்கம். மேலே மரங்கள் தப்பின. ஆனால் மரத்தின் கீழிருந்த செடிகொடிகளை வெட்டிவிட்டு ஏலம் நட்டார்கள். நிழலுக்கு மரம் வேண்டும் என்பதால் ஏலத்தோட்டம் தூரத்திலிருந்து பார்க்கக் காடு மாதிரியே இருக்கும். 2000இல் பாதுகாப்பு வனமாகவும், 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாகவும் ஆன பின்னும் ஏலச் செடிகள் பல இடங்களில் நின்றன.

இந்தக் காட்டில் இரண்டு ஓணான்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை என்ற பெருமையோடு வாழ்கின்றன. ஒன்று இலைமூக்கு ஓணான். மூக்கு நுனியில் சதைப்பற்றான இலை போன்ற ஓர் உறுப்பு, பாசி நிறம், அவசரமில்லாத நடை. 1861இல் ஆல்பர்ட் குந்தர் இதை விவரித்தபோது, 1845 முதல் 1850 வரை இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டின் பெயரைச் சூட்டினார். மற்றது விரலளவே உள்ள தும்பறைக் குட்டை ஓணான். பாசி படர்ந்த கிளையை வாலால் சுற்றிப் பிடித்து நிற்கும். முட்டையிடுவதில்லை, குட்டி போடும். டெனன்ட்டின் ஓணான் விவரிக்கப்பட்டு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 2006இல்தான் இது தனி இனம் என்று அறிவியல் ஏற்றது. அதிலும் ஒரு வேடிக்கை: அந்த ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதை விவரித்து, இரண்டும் தும்பறையின் பெயரையே வைத்தன. முந்தி அச்சேறிய பெயர் நிலைத்தது. இலைமூக்கு ஓணான் ஆபத்துக்குள்ளானது என்றும் குட்டை ஓணான் மிகவும் ஆபத்துக்குள்ளானது என்றும் சர்வதேசச் செம்பட்டியல் சொல்கிறது. அதாவது இந்த விரலளவு உயிர் நிற்கும் படிநிலையும் கரியால் நிற்கும் படிநிலையும் ஒன்றே. கரியாலைக் குறித்து எழுதப்பட்டதில் நூற்றில் ஒரு பங்குகூட இதைக் குறித்து எழுதப்படவில்லை.

பெயர் சூட்டியதோடு விலையும் வந்துவிட்டது. புது இனத்தை விவரிக்கும் ஆய்வுக்கட்டுரை, அது எந்த மலையில், எந்த உயரத்தில் கிடைத்தது என்பதைத் துல்லியமாகப் பதிய வேண்டும். அறிவியலுக்கு அது இல்லாமல் முடியாது. ஐரோப்பாவில் கண்ணாடித் தொட்டியில் ஊர்வன வளர்க்கும் வசதி படைத்தவர்களுக்குப் பிடித்துக்கொடுக்கும் வியாபாரிக்கும் அதுதான் வழிகாட்டி. அபூர்வம் என்று செம்பட்டியல் சொல்வதே இவர்கள் சந்தையில் விளம்பரமாகிவிடுகிறது. யோர்டி யான்சனும், இலங்கையின் முதலைகளைக் குறித்து நூல் எழுதிய ஊர்வனவியலாளர் அன்ஸ்லம் டி சில்வாவும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையின் பாதுகாக்கப்பட்ட ஊர்வன வெளிநாட்டுச் சந்தையில் வெளிப்படையாகவே விற்கப்படுவதைப் பதிவு செய்தது. வளர்ப்பில் பிறந்தவை என்று சொல்லிக்கொண்ட விளம்பரங்களும் இருந்தன.

இலங்கையின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது, 2009இல் இறுக்கப்பட்டது. இந்த ஓணான்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய நாடு அனுமதி கொடுத்ததில்லை. அப்படியானால் ஜெர்மனியில் ஒரு தொட்டியில் இருக்கும் இலைமூக்கு ஓணான், அது அங்கேயே பிறந்திருந்தாலும், அதன் தாயோ பாட்டியோ தும்பறையிலிருந்து திருடப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில், இன்னொரு நாட்டின் சட்டத்தை மீறிப் பிடித்த விலங்கை விற்பது அந்த ஒரே காரணத்துக்காகக் குற்றமாவதில்லை. அது சர்வதேச வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் பட்டியலில் இருந்தால்தான் கேள்வி எழும். அமெரிக்காவில் 1900இலிருந்து இருக்கும் லேசி சட்டம், பிறநாட்டுச் சட்டத்தை மீறிப் பிடித்த விலங்கின் வணிகத்தையும் குற்றமாக்குகிறது. ஐரோப்பாவில் அதற்கு நிகரான சட்டம் இல்லாததால் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாண்டிவிட்டால் போதும், கடத்தல் சரக்கு செல்லப்பிராணியாகிவிடும்.

ஆகவே இலங்கைக்கு இருந்த ஒரே கதவு சைட்டிஸ். அந்த உடன்படிக்கையின் பதினெட்டாவது மாநாடு 2019 மே மாதம் கொழும்பிலேயே நடக்கவிருந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஓகஸ்டில் கூடியது. சொந்த மண்ணில் கேட்டிருக்க வேண்டியதை இலங்கைப் பிரதிநிதிகள் ஜெனீவாவில் கேட்டார்கள், பெற்றார்கள். இலைமூக்கு ஓணானும் குட்டை ஓணானும் காட்டில் பிடித்தவற்றின் சர்வதேச வணிகத்தைத் தடுக்கும் முதல் பின்னிணைப்பில் சேர்ந்தன. 2014இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்ற, இதே மலையின் பெத்தியாகொட ஓணானும் கூடவே சேர்ந்தது. கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில்கூடக் காணக்கூடிய, மூக்கில் உருண்டை உடைய ஓணான் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றது. முதலைகளோ உலகத்து இனங்கள் அத்தனையும் பல பத்தாண்டுகளாக இந்தப் பட்டியல்களில்தான் இருக்கின்றன. தோலுக்குப் பெரிய சந்தை இருந்ததால் அவற்றை யாரும் மறக்க முடியவில்லை.

பட்டியலில் சேர்ந்ததும் கதை முடிந்ததென்று எடுத்துக்கொள்ள முடியாது. பட்டியலிடப்படும் நாளுக்கு முன்பே தொட்டியில் இருந்தவை என்று காட்டிவிட்டால், அந்த விலங்குகளுக்கும் அவற்றின் வழித்தோன்றல்களுக்கும் சட்டத் தாள்கள் கிடைக்கும் வழி இருக்கிறது. நேற்றுப் பிடித்துக் கடத்திவந்த ஒன்றை, முன்பிருந்த சோடியின் குட்டி என்று தாளில் எழுதிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? குட்டி ஒன்றின் அம்மா யார் என்று நிரூபிக்க மரபணுப் பரிசோதனை வேண்டும். விரலளவு ஓணானுக்கு அதைச் செய்யும் சுங்க அதிகாரி அரிது.

இங்கேதான் வளர்ப்பாளர்களின் வாதம் வருகிறது. ‘நாங்கள் வளர்த்துப் பெருக்கினால் காட்டிலிருந்து பிடிக்க வேண்டிய தேவை குறையுமே, அதுவும் பாதுகாப்புத்தானே, மிருகக்காட்சிசாலைகள் கரியாலுக்குச் செய்ததும் இதுதானே’ என்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் வடபுலத்தை இவர்களுக்குச் சாதகமாகச் சொல்லலாம். அங்கே செம்மூக்கு முதலை 1971இல் சில ஆயிரமாகக் குறைந்திருந்தது, இன்று ஒரு லட்சம் அளவில் இருக்கிறது. பண்ணைகளுக்குக் காட்டு முட்டைகளை விற்று நிலவுரிமையாளர்கள் பணம் பெறுகிறார்கள், அதனால் முதலை வாழும் சேற்றுநிலத்தை விட்டுவைக்கிறார்கள். வணிகமும் காப்பும் கைகோத்த இடம் அது.

அந்த வாதம் தும்பறைக்குப் பொருந்தாது. அவுஸ்திரேலியாவில் முட்டைக்கான காசு முதலை வாழும் நிலத்துக்காரரின் கைக்குப் போகிறது. ஐரோப்பியத் தொட்டியின் காசு லூல்வத்தையிலோ மீமுரேயிலோ யார் வீட்டுக்கும் வருவதில்லை. பிடித்துக்கொடுக்கும் கூலிக்காரருக்குச் சில்லறை, விற்கிறவருக்கு யூரோ. செம்மூக்கு முதலை ஒரு கூட்டுக்கு ஏறக்குறைய ஐம்பது முட்டை இடும், பெரும்பகுதி எப்படியும் வெள்ளத்தில் அழியும், எடுத்தால் குறையாது. ஆண்டுக்குச் சில குட்டிகளே போடும் ஓர் ஓணானின் கூட்டத்திலிருந்து பத்தை எடுத்தால் அந்தச் சரிவே வெறுமையாகலாம். எல்லாவற்றுக்கும் மேல், நந்தன்கானனில் பிறந்த குஞ்சுக்கு ஆறு என்று ஓர் இலக்கு இருந்தது. ஐரோப்பியத் தொட்டியில் பிறக்கும் குட்டி இன்னொரு தொட்டிக்குத்தான் போகும்.

திருப்பி அனுப்பினால்கூட வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டியிருக்கும். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அப்படி ஒரு பாடம் இருக்கிறது. அழிந்ததாகவே நினைக்கப்பட்ட ஒரு தேரையைக் கண்டெடுத்து, ஐரோப்பாவின் பெயர்பெற்ற நிலையங்களில் வளர்த்து, தீவுக்குத் திருப்பி விட்டார்கள். வளர்ப்பிடத்தில் பக்கத்தில் வைத்திருந்த ஆபிரிக்கத் தவளையிலிருந்து தொற்றிய ஒரு கொடிய பூஞ்சை நோயும் அவற்றோடு தீவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. நல்ல எண்ணமும் தேர்ந்த கைகளும் இருந்த இடத்திலேயே இப்படி. பல கண்டத்து ஊர்வன அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கும் ஒரு வியாபாரியின் அறையிலிருந்து தும்பறைக்கு ஒன்றைத் திருப்பிக் கொண்டுவர எந்த அதிகாரி கையெழுத்திடுவார்?

அதனால் தெஹிவளையில் இலைமூக்கு ஓணானுக்கு ஒரு கூடம் கட்டுவோம் என்று யாராவது திட்டம் போட்டால் எனக்கு உற்சாகம் வராது. அந்தக் குளிரையும் பாசியின் ஈரத்தையும் கொழும்புக் கடற்கரையில் இயந்திரம் வைத்து உண்டாக்க வேண்டும். மின்சாரம் நின்ற ஒரு பகலில் எல்லாம் முடிந்துவிடும். ஆராய்ச்சிக்காக, மலையிலேயே, காட்டின் விளிம்பில், அங்குள்ள காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டு ஒரு சிறிய வளர்ப்பகம் வேண்டுமானால் அர்த்தமுள்ளது. குட்டை ஓணான் எத்தனை வயதில் குட்டி போடுகிறது, எத்தனை குட்டி பிழைக்கிறது என்பவை தெரியாமல் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் போட முடியாது. காலநிலை சூடேறும்போது மலையுச்சியில் வாழும் உயிருக்கு மேலே ஏற இடமில்லை என்பதும் இந்தப் பேச்சில் சேர்ந்தாக வேண்டும். அந்த நாள் வந்தால் கூண்டுகூடத் தேவைப்படலாம். அப்போதும் அதன் சாவி இந்த மலையில் இருக்க வேண்டும், பிராங்ஃபர்ட்டில் அல்ல.

இப்போதைக்கு வேலை வேறிடத்தில் கிடக்கிறது. கைவிடப்பட்ட ஏலக்காட்டில் அடிச்செடிகள் மறுபடி வளர்கின்றனவா என்று பார்ப்பது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்கு. இரவில் நெற்றிவிளக்குக் கட்டிக்கொண்டு மரங்களைத் துழாவும் உல்லாசப் பயணி எதற்காகத் துழாவுகிறார் என்று கேட்பது வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் கிராமத்தவருக்கும் உரிய பங்கு. மீமுரேக்கு வரும் எந்த வாகனமும் ஹுன்னஸ்கிரியப் பக்கமிருந்து வந்தால் லூல்வத்தையைக் கடந்தே ஆக வேண்டும், அந்த ஒரு வீதியில் ஒரு சோதனைச் சாவடியைத் தவறாமல் இயக்குவது அணைக்கட்டு கட்டும் காரியம் இல்லை. அதில் நிற்கும் காவலருக்குப் பொதிகளில் சாராயமும் இறைச்சியும் மட்டும் தேடாமல், துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாக்களையும் துணிப்பைகளையும் தேடவேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். விரலளவு ஓணான் பத்து ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும், சத்தமும் போடாது.